மாதாந்திர வாசிப்புப் பதிவு: பல வகை நூல்களையும் கலந்து படிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வாசிப்பைக் குறித்துவைக்கத் தொடங்குபவர்களில் பலர் இரண்டு மூன்று மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். சோம்பல் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால் காரணம் வேறு. முதலில் அழகான நோட்டு வாங்குகிறார்கள், பிறகு பதினைந்து கட்டம் போடுகிறார்கள், கடைசியில்தான் இதெல்லாம் எதற்கு என்று யோசிக்கிறார்கள். எழுதுவதையும் மாதக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள். அதற்குள் பாதி மறந்துபோகிறது.

இங்கே சொல்லும் வரிசை அதற்கு நேர் எதிர். நாவல், கவிதை, அறிவியல், வரலாறு என்று கலந்து படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரே வகையை மட்டும் படிப்பவருக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. தலைப்பும் தேதியும் போதும்.

தொடங்கும் முன் வேண்டியவை: ஒரு மணி நேரம், ஒரு விரிதாள் அல்லது நோட்டு, அப்புறம் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பாதியில் நிற்பவற்றையும் எடுத்துவையுங்கள். அவைதான் முதல் வரிகள்.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள்

ஒரு வருடம் கழித்து இந்தப் பதிவைத் திறந்தால் அது உங்களுக்கு எதைச் சொல்ல வேண்டும்? ஒன்று, அதிகம் போனால் இரண்டு கேள்விகளைப் பதிவின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

"எந்த வகையை விடாமல் தவிர்த்துக்கொண்டே இருக்கிறேன்?" "எந்த மாதிரி புத்தகத்தைப் பாதியில் போடுகிறேன்?" "யார் சொல்லும் புத்தகம் எனக்கு ஒத்துவருகிறது?" இப்படி, பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். "நிறைய படிக்க வேண்டும்" என்பது ஆசை. அதை வைத்து எந்தக் கட்டத்தையும் போட முடியாது.

கேள்வியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிரண்டு கட்டங்கள் தேவைப்படும். கேள்வி இல்லாத கட்டம் சுமை. பதிப்பகம், விலை, அட்டை வகை என்று எல்லாவற்றையும் குறிப்பவர்களிடம் எதற்கு என்று கேட்டால் "இருக்கட்டுமே" என்பார்கள். முதலில் காலியாக நிற்பது அந்தக் கட்டங்கள்தான். காலிக் கட்டங்களைப் பார்க்கப் பார்க்கப் பதிவையே திறக்கப் பிடிக்காமல் போகும்.

2. எங்கே எழுதுவது

நோட்டு, விரிதாள், செயலி மூன்றில் ஏதாவது ஒன்றைத் தாய்ப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் எழுதினால் மூன்றும் அரைகுறையாகும்.

என் பரிந்துரை விரிதாள். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எது கையில் இருக்கிறதோ அது. வகைவாரியாக எண்ணவும் தேதிப்படி அடுக்கவும் முடியும் என்பதால்தான். நோட்டில் எழுதுவது பிடிக்கும் என்றால் தாராளமாக எழுதலாம். ஆனால் மாதக் கடைசியில் எண்ணுவது உங்கள் கைவேலையாகிவிடும். நீண்ட குறிப்புகளுக்கு நோட்டு, எண்ணிக்கைக்கு விரிதாள் என்று பிரித்துக்கொள்பவர்களும் உண்டு. அதற்கு ஒரு நிபந்தனை: விரிதாளில் உள்ள வரிசை எண்ணையே நோட்டுக் குறிப்பின் தலையிலும் போட வேண்டும்.

செயலியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டியது, பதிவை வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்பது. குட்ரீட்ஸ் என்ற வாசிப்புத் தளத்தில் உங்கள் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எந்த விரிதாளிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கிக்கொள்ளலாம்; அந்தக் கோப்பை ஸ்டோரிகிராஃப் என்ற இன்னொரு தளத்தில் ஏற்றவும் முடியும். இறக்குமதி இருந்து ஏற்றுமதி இல்லாத செயலி என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். இன்னொன்று, தமிழ் நூல்கள் பல இந்தத் தளங்களில் இருப்பதில்லை, இருந்தாலும் ஒரே நூல் தமிழ் எழுத்தில் ஒன்றும் ஆங்கில எழுத்தில் ஒன்றுமாக இரண்டு முறை இருக்கும். தமிழில் அதிகம் படிப்பவருக்கு விரிதாள்தான் நிம்மதி.

3. வகைப் பட்டியலை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

பதிவுகள் குழம்பிப்போவது அதிகமும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

புதிதாகத் தொடங்குபவரின் "வகை" கட்டத்தைப் பார்த்தால் இப்படி இருக்கும்: நாவல், மொழிபெயர்ப்பு, கிண்டில், துப்பறியும் கதை, ஆங்கிலம், சிறுகதை, வரலாறு. ஏழும் ஒரே கட்டத்தில். ஆனால் இவை நான்கு வேறு விஷயங்கள். நாவலும் சிறுகதையும் வடிவம். துப்பறியும் கதையும் வரலாறும் வகை. ஆங்கிலமும் மொழிபெயர்ப்பும் மொழி சார்ந்தவை. கிண்டில் ஊடகம். பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்த ஒரு துப்பறியும் நாவலைக் கிண்டிலில் படித்தால் இந்தப் பட்டியலில் அதை எங்கே போடுவது? நான்கு இடத்திலும் போடலாம், அதனால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் போடுவீர்கள். வருடக் கடைசியில் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமே இருக்காது.

எனவே நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள்: வகை, வடிவம், மொழி, ஊடகம். நான்கும் அதிகம் என்று தோன்றினால் வகை, வடிவம் இரண்டை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

வகைகள் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் எல்லாம் ஒரே கூடையில் விழும். அதிகமானால் ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு புத்தகம் நிற்கும், ஒப்பிட எதுவும் இருக்காது. தொடங்குவதற்கு ஒரு பட்டியல்: பொதுப் புனைவு, குற்றம் மற்றும் துப்பறிதல், அறிவியல் புனைவும் மிகைபுனைவும், வரலாற்றுப் புனைவு, கவிதை, தன்வரலாறும் வாழ்க்கை வரலாறும், வரலாறும் சமூகமும், அறிவியல், பயணம், கலையும் இலக்கிய விமர்சனமும், மற்றவை. சிறார் நூல் படிப்பவர் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும். கவிதை வடிவம்தானே, அது எப்படி வகையில் வந்தது என்று கேட்பீர்கள். வந்தது நடைமுறைக்காக. கவிதைத் தொகுப்பைப் பொருள்வாரியாகப் பிரிக்க உட்கார்ந்தால் அந்த வேலை முடியாது.

நூலகப் பகுப்பையே எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பார்கள். டூயி தசமப் பகுப்பில் 000 முதல் 900 வரை பத்து முதன்மைப் பிரிவுகள் உண்டு: 300 சமூக அறிவியல், 500 அறிவியல், 700 கலைகள், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும் என்று போகும். புனைவல்லாத நூல்களுக்கு இது நல்ல துணை. ஆனால் நாவல், கவிதை, நாடகம் எல்லாம் 800 என்ற ஒரே பிரிவுக்குள் வந்துவிடும், அதுவும் முதலில் மொழிவாரியாகப் பிரிந்து. கதை அதிகம் படிப்பவருக்கு முக்கால்வாசிப் பதிவும் 800 என்றே நிற்கும். தனிநபர் பதிவுக்கு அது உதவாது.

அடுத்தது, ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு வகை. இரண்டு வகை போட்டால் கூட்டுத்தொகை படித்த புத்தகங்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிடும். இரண்டாவது அடையாளம் வேண்டும் என்றால் "குறிச்சொல்" என்று தனிக்கட்டம் வையுங்கள். அதில் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், எண்ணிக்கைக்கு அதைத் தொடாதீர்கள்.

எல்லைக்கோட்டில் நிற்கும் நூல்களுக்கு விதியை எழுதிவைக்க வேண்டும். மூன்று விதிகள் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடும். முதலாவது, நூல் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறதோ அதுவே வகை. ஆசிரியரின் சொந்த வாழ்க்கை என்று உங்களுக்கு உறுதியாகத் தோன்றினாலும், தலைப்புப் பக்கத்தில் நாவல் என்று இருந்தால் அது புனைவுதான். இரண்டாவது, புனைவல்லாத நூல் என்றால் அது பேசும் பொருளே வகை, எழுதிய விதம் இல்லை. கடிதங்களாக எழுதப்பட்ட வானியல் நூல் அறிவியல்தான். மூன்றாவது, இரண்டு நிமிடத்துக்கு மேல் யோசிக்க வேண்டியிருந்தால் "மற்றவை".

இப்படி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் தனித்தாளில் ஒரு வரியாகக் குறித்துவிடுங்கள். "அறிவியலாளரின் தன்வரலாறு: தன்வரலாற்றில் போட்டேன்." ஆறு மாதம் கழித்து அதே மாதிரி நூல் வரும்போது இந்த வரி வேலை செய்யும். நூலகங்களிலும் இதே தலைவலிதான்: வாழ்க்கை வரலாற்றைத் தனியாக 920இல் அடுக்கலாம், அந்த நபரின் துறைக்குள்ளேயும் அடுக்கலாம். இரண்டுக்கும் டூயி பகுப்பில் இடம் உண்டு. எதைத் தேர்ந்தாலும் கடைசிவரை அதையே பின்பற்றினால் போதும்.

வருடத்தின் நடுவில் வகைகளை மாற்றாதீர்கள். மூன்று மாதத்தில் "மற்றவை"யில் நான்கைந்து சேர்ந்துவிட்டால் அதில் ஒரு புது வகை ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதைக் குறித்துவைத்து, அடுத்த வருடப் பட்டியலில் சேருங்கள்.

4. கட்டங்களைப் போடுங்கள்

இப்போதுதான் விரிதாளைத் திறக்க வேண்டும். அடிப்படைக் கட்டங்கள்: வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், வகை, வடிவம், மொழி, ஊடகம், தொடங்கிய நாள், முடித்த நாள், நிலை, ஏன் எடுத்தேன், குறிச்சொல், குறிப்பு. உங்கள் கேள்விக்குத் தேவையில்லாததை வெட்டுங்கள்.

தேதியை 2025-03-09 என்ற முறையில் எழுதுங்கள். வருடம், மாதம், நாள் என்ற இந்த வரிசையில் இருந்தால் வெறும் எழுத்தாக அடுக்கினாலும் காலவரிசை மாறாது. 03/04 என்று எழுதினால் மார்ச் நான்கா ஏப்ரல் மூன்றா என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்து மாறும். வேறு கணினியில் திறக்கும்போதுதான் இந்தக் கோளாறு தெரியவரும்.

வகை, வடிவம், மொழி, ஊடகம், நிலை ஐந்துக்கும் டிராப்டவுன் பட்டியல் வையுங்கள். கையால் தட்டச்சு செய்தால் "சிறுகதை", "சிறுகதைகள்", கடைசியில் ஒரு இடைவெளியோடு "சிறுகதை " என்று மூன்றாகிவிடும். தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. கொ, கோ போன்ற எழுத்துகளின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், முன்னும் பின்னுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும்போதும் எண்ணும்போதும் விரிதாள் இரண்டையும் வேறு சொல்லாக நினைக்கக்கூடும். ஔ என்ற எழுத்தை ஒ, ள என்று இரண்டாகத் தட்டுவதும் இதே கதைதான். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை கிடையாது.

ஆசிரியர் பெயரில் முதலெழுத்து எங்கே, புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா இல்லையா என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். நூல் அட்டையில் ஒரு மாதிரி, உள்ளே ஒரு மாதிரி இருக்கும். புதுப் பெயரை எழுதும் முன் பழைய வரிகளில் ஒருமுறை தேடுங்கள்.

ஐஎஸ்பிஎன், அதாவது நூலில் அச்சிட்டிருக்கும் அடையாள எண், வேண்டுமா? பெரும்பாலோருக்கு வேண்டாம். அது படைப்பைக் குறிப்பதில்லை, பதிப்பைக் குறிக்கிறது. ஒரே நாவலின் காகிதப் பதிப்புக்கும் மின்பதிப்புக்கும் வெவ்வேறு எண் இருக்கும். ஒரே நூலின் பல பதிப்புகளை ஒப்பிட்டுப் படிப்பவர் வைத்துக்கொள்ளலாம். வைத்தால் அந்தக் கட்டத்தை எண்ணாக இல்லாமல் எழுத்தாக அமையுங்கள். இல்லாவிட்டால் 13 இலக்க எண்ணை எக்செல் 9.78 என்று தொடங்கும் அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். 2007க்கு முந்தைய நூல்களில் உள்ள 10 இலக்க எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யமே காணாமல் போகும்.

5. புத்தகத்தைத் திறக்கும் அன்றே வரியைத் திறங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் எழுதுவது என்பதுதான் எல்லோருடைய வழக்கம். தொடங்கும்போதே எழுதினால் மூன்று லாபம்.

பாதியில் விட்ட புத்தகங்கள் தாமாகவே பதிவாகிவிடும். முடித்ததை மட்டும் எழுதும் பதிவில் அவை இருக்கவே இருக்காது. பல வகைகளைப் படிக்க முயல்பவருக்கோ அவைதான் முக்கியமான தகவல். வருடத்தில் ஒரு அறிவியல் நூல்கூட இல்லை என்றால், நீங்கள் எடுக்கவே இல்லையா, ஐந்து எடுத்து ஐந்தையும் போட்டுவிட்டீர்களா? இரண்டும் வேறு வேறு பிரச்சினை, தீர்வும் வேறு.

"ஏன் எடுத்தேன்" என்ற கட்டம் உண்மையாக இருக்கும். முடித்த பிறகு எழுதினால் புத்தகம் பிடித்ததா இல்லையா என்பதற்கு ஏற்ப அந்தக் காரணமும் வளைந்துவிடும். தொடங்கிய அன்று எழுதிய வரி இப்படி இருக்கும்: "போன மாதம் படித்த நாவல் இதே மலைப்பகுதியில் நடந்தது. நேரில் போனவர் என்ன சொல்கிறார் என்று பார்க்க." இப்படிப் பத்து வரி சேர்ந்ததும் ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்கு எப்படிப் போகிறீர்கள் என்பது தெரியும். "நண்பர் பரிந்துரை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நண்பர், என்ன சொல்லிப் பரிந்துரைத்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாவது லாபம் சின்னது. தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் விவரங்களை எழுதும்போது புத்தகம் கையில் இருக்கும். இரவல் நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தேடி அலைய வேண்டாம்.

நிலைக் கட்டத்துக்கு நான்கு சொற்கள் போதும்: படிக்கிறேன், முடித்தேன், நிறுத்தினேன், காத்திருக்கிறது. "காத்திருக்கிறது" என்றால் திரும்ப எடுக்கும் எண்ணம் உண்டு என்று பொருள். மூன்று மாதம் தொடாமல் கிடந்தால் அதை "நிறுத்தினேன்" என்று மாற்றிவிடுங்கள். கூச்சப்பட எதுவும் இல்லை, மீண்டும் எடுத்தால் புது வரி போடலாம்.

6. படிக்கும்போது குறைவாகக் குறியுங்கள்

புத்தகத்துக்குள் ஒரு துண்டுத்தாள். அதில் பக்க எண், பக்கத்தில் மூன்று நான்கு சொற்கள். "112 ராணியும் உத்தரவும்." அவ்வளவு போதும். முழு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் படிப்பு அறுந்துவிடும். வெறும் கோடு மட்டும் போட்டால் ஏன் போட்டோம் என்பது பிறகு நினைவிருக்காது.

மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் திரையில் வரும் பக்கமும் மாறும். அதனால் அத்தியாய எண்ணையும் சதவீதத்தையும் குறியுங்கள். ஒலிநூலுக்கு அத்தியாயமும் நிமிடமும். கிண்டில் கருவியில் போட்ட கோடுகள், குறிப்புகள் எல்லாம் மை கிளிப்பிங்ஸ் என்ற டெக்ஸ்ட் கோப்பில் தேதியோடு சேரும். கணினியில் இணைத்து அதை எடுத்துக்கொள்ளலாம்.

7. முடித்ததும் மூன்று வாக்கியம்

முடித்த அன்று, இல்லாவிட்டால் மறுநாள். அதற்கு மேல் தள்ளாதீர்கள். அடுத்த புத்தகத்தின் பத்துப் பக்கம் உள்ளே போனதும் முந்தையதன் ஓசை மங்கிவிடும்.

மூன்று வாக்கியத்துக்கும் தனித்தனி வேலை. நூல் என்ன செய்கிறது, எங்கே பிடித்து நிறுத்தியது அல்லது எங்கே தளர்ந்தது, திரும்பப் போக வேண்டிய ஓர் இடம்.

புதியவர்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படி: "அருமையான நூல். எளிய நடை. அனைவரும் படிக்க வேண்டியது." இதை எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டலாம், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எதுவும் ஞாபகம் வராது. அதே நூலுக்கு இப்படி எழுதலாம்: "எறும்புப் புற்றில் வேலை எப்படிப் பிரிகிறது என்பதை விளக்கும் நூல். நடுப்பகுதி கதைபோல ஓடுகிறது, ஆய்வுமுறைகளை விளக்கும் கடைசி அத்தியாயங்களில் இரண்டு நாள் நின்றுபோனேன். 112ஆம் பக்கம்: ராணி எறும்பு யாருக்கும் உத்தரவு போடுவதில்லை என்ற இடம்." நீளம் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் இதைப் படித்தால் புத்தகம் கண்முன் வந்து நிற்கும்.

வகைக்கு வகை இரண்டாவது வாக்கியத்தில் கவனிக்க வேண்டியது மாறும். நாவல் என்றால் எந்தக் கட்டத்தில் வேகம் கூடியது அல்லது விட்டுப்போனது. கவிதைத் தொகுப்பு என்றால் மொத்தத் தொகுப்பைப் பற்றிக் கருத்து சொல்ல முயல வேண்டாம், நின்ற இரண்டு கவிதைகளின் தலைப்பை எழுதினால் போதும். வரலாற்று நூலில் ஆசிரியர் எந்த ஆதாரத்தின் மேல் நிற்கிறார் என்பதைக் குறியுங்கள். பிறகு அதே காலத்தைப் பற்றி வேறொரு நூல் படிக்கும்போது ஒப்பிட உதவும். துப்பறியும் கதைக்கு முடிவை எழுதலாமா என்று சிலர் கேட்பதுண்டு. எழுதுங்கள், இது உங்கள் பதிவு. யார் கொலையாளி என்பதுதான் முதலில் மறக்கும்.

நட்சத்திர மதிப்பெண்ணை அன்றே போடாதீர்கள். முடித்த கையோடு போடும் எண் கடைசி அத்தியாயத்துக்குப் போடும் எண்தான். மாதக் கடைசிவரை பொறுக்கலாம்.

நிறுத்திய நூலுக்கு ஒரே வாக்கியம்: எந்தப் பக்கத்தில், எதனால். "பிடிக்கவில்லை" போதாது. "பெயர்கள் குழம்பின, வம்சாவளி அட்டவணை இல்லை" என்று இருந்தால் அடுத்த முறை அதே வகையில் அட்டவணை உள்ள பதிப்பாகத் தேடுவீர்கள்.

8. எந்த மாதத்துக் கணக்கு?

ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடித்த நூல் மார்ச் கணக்கு. முடித்த மாதம் என்ற ஒரே விதி. பாதியை அங்கே பாதியை இங்கே என்று பிரிக்காதீர்கள். பெரிய நூலில் மூழ்கிக் கிடந்த மாதம் காலியாகத் தெரிகிறதே என்று வருத்தம் இருந்தால், மாதக் குறிப்பில் ஒரு வரி சேருங்கள், அது போதும்.

மறுவாசிப்புக்குப் புது வரி, குறிச்சொல்லில் "மறுவாசிப்பு". பழைய வரியைத் திருத்தினால் முதல் வாசிப்பின் குறிப்பு அழிந்துபோகும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சுகமும் போய்விடும்.

இதழில் படித்த தனிச் சிறுகதை, நீண்ட கட்டுரை இவற்றைப் புத்தகங்களோடு கலக்காதீர்கள். அதே கோப்பில் "உதிரி" என்று இன்னொரு தாள் திறந்து, தேதி, தலைப்பு, ஆசிரியர், ஒரு வரி என்று போட்டுவிடுங்கள். அகராதி, பாடநூல், கையேடு போன்றவை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தால் மட்டும் கணக்கு.

9. மாதக் கடைசி அரை மணி நேரம்

மாதத்தின் கடைசி நாள் அல்லது அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு, ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே செய்யும் வேலைகளுக்கும் ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் காலிக் கட்டங்களை நிரப்புங்கள். பிறகு "படிக்கிறேன்" என்று நிற்கும் ஒவ்வொரு வரியையும் பார்த்து நிலையைச் சரிசெய்யுங்கள். இரண்டும் முடியாமல் எண்ணத் தொடங்கினால் தவறான எண்ணைப் பார்த்து முடிவெடுப்பீர்கள்.

அப்புறம் எண்ணுங்கள். வகைவாரியாக எண்ண கவுன்டிஃப்ஸ் சூத்திரம் அல்லது பிவட் டேபிள் போதும். நோட்டில் எழுதுபவர் கோடு போட்டு எண்ணலாம். மாதம், வகை, முடித்தது, நிறுத்தியது என்ற நான்கு மட்டும். வண்ண வரைபடமெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை ஆசைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு மாத எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான்கு புத்தகம் படித்த மாதத்தில் ஒரு புத்தகமே 25 சதவீதம். ஒரு கவிதை நூல் வந்துவிட்டால் "இந்த மாதம் கால்வாசி கவிதை" என்று தாள் சொல்லும். அதில் சேதி ஒன்றும் கிடையாது. கடைசி மூன்று மாதங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

எண்ணிய பிறகு, எண்களைப் பார்க்காமல், அந்த மாதத்து "ஏன் எடுத்தேன்" கட்டங்களை மட்டும் மேலிருந்து கீழாக வாசியுங்கள். எண்ணிக்கையில் தெரியாதது இங்கே தெரியும். எல்லாமே ஒரே ஆளின் பரிந்துரையா, எல்லாமே புதிதாக வந்தவையா என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

கடைசியாக ஐந்தாறு வரியில் ஒரு மாதக் குறிப்பு. பட்டியலைத் திரும்ப எழுதாதீர்கள். ஒன்றோடொன்று உரசிய இரண்டு நூல்களைப் பற்றி எழுதுங்கள், அல்லது ஏன் ஒரு வாரம் எதுவுமே படிக்கவில்லை என்று எழுதுங்கள். மதிப்பெண் போடுபவர்கள் இப்போது போடலாம்.

10. வகைகளைச் சமன்செய்வது

"ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு வகையிலும் ஒன்று" என்று தீர்மானம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து வகை, மாதம் நான்கு புத்தகம். கணக்கே இடிக்கிறது. இரண்டாவது மாதமே கடன் ஏறி, மெலிந்த நூல்களாகத் தேடி எடுக்கத் தொடங்குவார்கள். பதிவுக்காக வாசிப்பது என்பது அங்கே ஆரம்பிக்கிறது.

மாதத்துக்கு ஒரே ஒரு இடத்தை மட்டும் ஒதுக்குங்கள். கடைசி மூன்று மாதத்தில் குறைவாக இருக்கும் வகையிலிருந்து ஒன்று. மற்ற இடங்களில் மனம் போன போக்கில் படியுங்கள். மாதம் ஒரே புத்தகம் படிப்பவர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த இடத்தை வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு இடத்துக்கு நூலைத் தேர்ந்தெடுப்பது மாதக் கடைசி வேலையின் பகுதியாக இருக்கட்டும். வகையை மட்டும் முடிவு செய்து நூலைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அது நடக்காது. நிறுத்திய நூல்களின் காரணங்களை இந்த நேரத்தில் படியுங்கள். மூன்று அறிவியல் நூல்களை அடுத்தடுத்து விட்டிருக்கிறீர்கள், மூன்றிலும் காரணம் கணிதம் என்றால், உயிரியலிலோ மருத்துவத்திலோ ஒன்றை எடுத்துப் பார்க்கலாமே.

எதை வைத்துச் சமநிலையைப் பார்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பக்கக் கணக்கில் கவிதை காணாமல் போகும், பருமனான நாவல்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். புத்தகக் கணக்கில் 60 பக்கக் கவிதை நூலும் 900 பக்க வரலாறும் ஒன்று. ஒலிநூலில் பக்கமே இல்லை. தொடங்கிய நாளும் முடித்த நாளும் உங்களிடம் இருக்கின்றன. எத்தனை நாள் ஒரு வகையோடு இருந்தீர்கள் என்பதை அதிலிருந்து எடுக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நூல் படிப்பவருக்கு நாட்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்றாலும், பக்கக் கணக்கைவிட இது மேல்.

11. பழையதும் பாதுகாப்பும்

சின்ன வயதிலிருந்து படித்ததையெல்லாம் ஏற்றிவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்காராதீர்கள். தேதி தெரியாது, குறிப்பு எழுத முடியாது, ஆனால் வாரக்கணக்கில் நேரம் போகும். இந்த மாதத்திலிருந்து தொடங்குங்கள். பழைய நூல் ஒன்றை மறுவாசிப்பு செய்யும்போது அதற்கு இடம் தானாக வரும்.

கோப்பின் நகல் ஒன்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஎஸ்வியாக எடுத்து வேறிடத்தில் வையுங்கள். எந்த மென்பொருள் வந்தாலும் போனாலும் அதைத் திறக்கலாம். எக்செலில் நேரடியாக இருமுறை தட்டித் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். கோப்பு கெட்டுவிடவில்லை, பதறி அதன்மேல் சேமித்துவிடாதீர்கள். மூடிவிட்டு, டேட்டா பகுதியில் உள்ள இறக்குமதி வழியாகத் திறந்து, குறியாக்கத்தில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து சரியாக வரும்.

நடுவில் ஒன்றிரண்டு மாதம் விடுபட்டால், நினைவில் இருக்கும் தலைப்புகளை மட்டும் எழுதுங்கள். தேதியைக் குத்துமதிப்பாகப் போடாமல் காலியாக விட்டு, குறிச்சொல்லில் "பின்பதிவு" என்று குறியுங்கள். மாத எண்ணிக்கையில் அவை சேராது. ஆனால் இதைச் செய்வதற்கு முன்பு, இப்போது கையில் இருக்கும் புத்தகத்துக்கு இன்றைய தேதியோடு ஒரு வரியைத் திறந்துவிடுங்கள்.